தனித்து ஆடிய பெண்டிர்!

கூத்தும் ஆடலும் மகிழ்வூட்டுதற்கே. அவற்றுள் அரசியலைக் கலத்தல் கலைக்கு இழுக்கு என்று கூறித் திரியும் கலைக்காவலர் சிலர் உளர். அவர்தம் செவியில் சிலி நாட்டுச் செய்தியொன்றை ஓதுதல் வேண்டும்.

1973 செப்தம்பர் 11-ஆம் நாள், மக்கள் தேர்ந்த அயெந்தே ஆட்சியைப் படைத்தலைவன் பினோசே கவிழ்த்தான். அடுத்த சில நாள்களிலேயே, நாடக இயக்குநரும் பாடகருமான விக்தோர் காரா தலைநகர் சாந்தியாகோவில் வதைக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். கலைக்குள் அரசியலைக் கொணர்ந்தவர் யாவர்? பாடியவரா? சுட்டவரா?

பின்னர் வீடு வீடாக ஆள்கள் மறைந்தனர். அரசோ, அப்படியொருவரைப் பிடிக்கவே இல்லையென்று கைவிரித்தது. உடலும் இல்லை, புதைகுழியும் இல்லை.

அந்நாட்டு மக்களின் ஆடல் குவேக்கா. ஆணும் பெண்ணும் இணையாய் நின்று, கைக்குட்டை வீசி, அணுகியும் விலகியும் சுற்றியும் காதல் காட்டுவது. நம் நூலோர் சொல்லிற் கூறின் அகக்கூத்து. 1978 மார்ச்சு 8, மகளிர் நாளன்று, சாந்தியாகோவின் கௌபோலிக்கான் அரங்கில் காணாமற் போனோரின் உறவுப் பெண்டிர் அதனை ஆடினர். மார்பிலே மறைந்தவர் படம். அடவு மாறவில்லை, சுற்று மாறவில்லை. கைக்குட்டை உயர்ந்தது; எதிர்நின்று உயரவேண்டிய கைக்குட்டை மட்டும் உயரவில்லை! அவ் வெற்றிடத்தையே அவள் சுற்றி வந்தாள். வசையில்லை, முழக்கமில்லை. துண்டறிக்கையாயின் பறித்துக் கிழிக்கலாம். வெற்றிடத்தை எந்தத் துமுக்கி சுடும்?

மறு ஆண்டு, 1979-இல், அவ்வரசே குவேக்காவை நாட்டின் ஆடலென ஆணையிட்டு அறிவித்தது. கணவனைப் பறித்த கையே மனைவியின் ஆடலுக்கு முடிசூட்டிய கொடுமையை என்னென்பது! கொடுங்கோலர்க்கும் கலை வேண்டும். ஆடுவோர் வாய்தான் வேண்டா.

1988-இல் பினோசே ஆட்சி நீடிப்பதா என்னும் பொது ஒப்போலைக்கு முன், எதிர்த்தரப்பினர்க்குத் தொலைக்காட்சியில் நாள்தோறும் ஒதுக்கப்பெற்ற 15 மணித்துளிகளில் இப் பெண்டிர் தனித்தாடியதை நாடே கண்டது. அக்தோபர் 5-இல் மக்கள் ‘வேண்டா’ என்றனர். அவனை வீழ்த்தியது ஒப்போலையே, ஆடலன்று. அதனை மிகைப்படுத்த வேண்டுவதில்லை. ஆயினும் பத்தாண்டுகள் அவ் வெற்றிடத்தை மறவாது காத்தவர் கலைக்காவலர் அல்லர். குட்டை ஏந்திய இவ் ஏழைப் பெண்டிரே.

காராவைக் கொன்ற முன்னாள் படைஞர் எழுவர்க்கு விதித்த தண்டனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2023-இல். ஐம்பது ஆண்டுகள் கழித்து! அவ்வாண்டே அரசு தேடுதல் திட்டமொன்றை வகுத்தது. காணாமற் போக்கப்பட்டோரும், கொல்லப்பட்டு உடல் ஒப்படைக்கப்படாதோருமாக அது கணக்கிட்டவர் 1,469 பேர். அவருள் அதுவரை அடையாளங் காணப்பட்டோர் 307 பேரே.