மாவுக்கட்டியும் மலட்டு மாத்திரையும்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை எங்களூரில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட வந்த சிங்கள வாடிக்கையாளர், கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடக்கக் கண்டு, சிங்களவரை மலடாக்கும் மாத்திரையைக் கலந்துவிட்டார்கள் என்று கூச்சலிட்டார். கூட்டம் கூடியது. சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் அச்சத்தில் தடுமாறி ஆமோதித்ததைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து, 'ஒப்புக்கொண்டுவிட்டான்' என்று நாடெங்கும் பரப்பினார்கள். உணவகம் நொறுக்கப்பட்டது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரம் வேறொரு சம்பவத்தைச் சாட்டித் திகன எரிந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. அதன் பின்னர்தான் அரச பகுப்பாய்வாளரின் முடிவு வெளிவந்தது: அந்தக் கட்டி வெறும் மாவு.

இதன் அரசியலைப் பலரும் எழுதிவிட்டார்கள்; நானும் எழுதியிருக்கிறேன். வதந்தி பரவ இடங்கொடுத்த பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்பும் கேட்டுவிட்டது. ஆனால் ஒன்றை நான் எழுதாமல் விட்டிருந்தேன். அந்த வாரத்தில் அக்கரைப்பற்றுத் தேநீர்க்கடை ஒன்றில், ஆசிரியராகப் பணிபுரியும் உறவினர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "காக்கா, அப்பிடி ஒரு மருந்து மெய்யாவே இருக்கா?"

அடி வாங்கிய சமூகத்தைச் சேர்ந்தவர் அவர். அவருக்கே சந்தேகம்! பட்டம் பெற்ற ஒருவருக்குத் தன் உடலைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது. பொய்யைச் சொன்னவனைச் சபிக்கிறோம். அந்தப் பொய் விலைபோகும் சந்தையைத் திறந்து வைத்திருப்பவர்களில் நாமும் அடக்கம் என்பதே என் குற்றச்சாட்டு.

பதினைந்து வயது மாணவனுக்குப் புரியக்கூடிய விடயம்தான் இது. ஆணின் விதைகள் உடலுக்கு வெளியே ஒரு பையில் தொங்குவதற்குக் காரணம் உண்டு. விந்துக்கள் உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு பாகை குறைவான வெப்பம் வேண்டும். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அனுப்பும் ஓமோன்களின் கட்டளைப்படி அங்கே இரவும் பகலும் உற்பத்தி நடக்கிறது. நாளொன்றுக்குப் பல கோடி விந்துக்கள். ஒரு விந்து உருவாகி முடிய ஏறத்தாழ எழுபது நாட்கள் செல்லும். பின்னர் விதையின்மேல் சுருண்டு கிடக்கும் குழாயில், நீட்டினால் ஆறு மீற்றர் வரும் அந்தக் குழாயில், சில நாட்கள் தங்கி நீந்தும் ஆற்றலைப் பெறும். ஒரு தொகுதி வெளியேறும்போது அடுத்த தொகுதி முதிர்ந்துகொண்டிருக்கும்; அதற்கடுத்தது பிறந்துகொண்டிருக்கும்.

இந்தத் தொழிற்சாலையை ஒரு பிடி சோற்றில் மறைத்த மாத்திரையால் நிரந்தரமாக மூடிவிட முடியுமா? விந்துக் குழாயைக் கத்தியால் வெட்டிக் கட்டும் வாசெக்டமி சிகிச்சைக்குப் பிறகுகூட, முன்னரே வெளியேறிய விந்துக்கள் தீர ஏறத்தாழ மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள் வைத்தியர்கள். பருத்தி விதையிலிருந்து எடுத்த கொசிப்போல் என்ற பொருளை 1970களில் சீனா ஆயிரக்கணக்கான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. வாரக்கணக்கில் நாள்தோறும் விழுங்கிய பிறகே பலன் தெரிந்தது. குருதியில் பொட்டாசியம் குறைந்தது, சிலருக்குக் கருவளம் திரும்பவே இல்லை என்றெல்லாம் கண்டு கைவிட்டார்கள். ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை இன்றுவரை உலகின் எந்த மருந்துக்கடைக்கும் வரவில்லை. பெரும் ஆய்வுகூடங்களுக்குக் கைகூடாததை அம்பாறையில் கொத்துரொட்டி போடுகிறவர் சாதித்துவிட்டாராம்! நகரின் முஸ்லிம் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் 23,000 மாத்திரைகள் பிடிபட்டதாகவும் ஒரு கதை ஓடியது. எண்ணிக்கையை நம்பியவர்களில் ஒருவராவது, என்ன மருந்து, உடலில் எங்கே வேலை செய்யும் என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும்.

சிங்களவரை மட்டும் சாடிவிட்டு நான் எழுந்துபோக முடியாது. 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் போலியோச் சொட்டுமருந்து முஸ்லிம்களை மலடாக்கும் என்று கூறி அதை நிறுத்தி வைத்தவர்கள் நம் மார்க்கத்தவர்கள். அதன் பின் போலியோ அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. அதே பயம், அதே அறியாமை. தொப்பி மட்டும் வேறு.

நம் வீடுகளுக்குள் வாருங்கள். மணமாகி இரண்டு வருடத்தில் பிள்ளை இல்லாவிட்டால் 'மலடி' என்ற சொல் தயாராக இருக்கிறது. 'மலடன்' என்று எவரையாவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது என்பது மருத்துவம் அறிந்த செய்தி. ஒரு சுக்கிலப் பரிசோதனையில் தெரியக்கூடியதை மறைத்து, பெண்ணை ஊர் ஊராக வைத்தியத்துக்கு அலைக்கழிக்கிறோம். பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்து என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் ஏச்சு வாங்குவது உம்மாதான்.

பாடப்புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் வகுப்பில் இல்லை. நான் படித்த காலத்தில் அந்த அத்தியாயம் வந்ததும் ஆசிரியர், "இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். இன்றும் அப்படித்தான் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கேட்டால் வெட்கம், மார்க்கம் என்பார்கள். எந்த மார்க்கம்? எப்போது குளிப்புக் கடமையாகும் என்று பருவமடையாத பையனுக்கே மதரஸாவில் சொல்லிக்கொடுக்கிறோமே, அங்கே யாருக்கும் கூச்சம் வரவில்லையே! ஒஸ்தா மாமாவை அழைத்துச் சுன்னத்துக் கலியாணம் செய்து ஊருக்குச் சோறு போடுகிறோம். அதே உறுப்பு எப்படி இயங்குகிறது என்று அந்தப் பிள்ளைக்குப் பின்னர் எவரும் சொல்வதில்லை.

அந்த வெற்றிடத்தில் கடை விரித்திருப்பவர்கள் லேகிய வியாபாரிகள். இளைஞனின் இயல்பான உறக்க வெளியேற்றத்தை நோயென்று சொல்லி, ஒரு துளி விந்து போனால் பல துளி இரத்தம் போயிற்று என்று பயங்காட்டிப் பணம் பறிக்கிறார்கள். சுக்கிலத்தின் பெரும்பகுதி சுரப்பிகளின் நீர். விந்தணுக்கள் அதில் மிகச் சொற்பம். எல்லாம் தானே மீண்டும் ஊறும். இதைச் சொல்ல வேண்டிய பத்திரிகைகள் என்ன செய்தன? நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையில், நான் பக்கம் அமைத்த காலத்திலேயே, 'ஆண்மைக் குறைவு' விளம்பரங்கள் வாரந்தோறும் வந்தன. வைத்தியர் ஒருவரின் கட்டுரையை இடமில்லை என்று ஒதுக்கிவிட்டு விளம்பரத்துக்கு இடம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் குற்றத்திலிருந்து எனக்கு விடுதலை இல்லை.

மாத்திரைப் பொய் அம்பாறையோடு நிற்கவில்லை. 2019இல் குருநாகல் வைத்தியர் ஷாபி ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியக் கருத்தடை செய்தார் என்று அது வேறு உருவெடுத்தது. அவர் சிறையிருந்தார், ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொல்லிற்று. அடுத்த முறையும் வரும்.

அதிபர்களே, அந்த அத்தியாயத்தை வகுப்பில் நடத்துங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே, மாப்பிள்ளைக்கு நிக்காஹ்வுக்கு முன் ஒரு வைத்தியரோடு ஒரு மணி நேரம் இருக்க வழி செய்யுங்கள். பத்திரிகைச் சகோதரர்களே, அந்த விளம்பரங்களை நிறுத்துங்கள். தேநீர்க்கடையில் கேட்ட அந்த உறவினருக்கு அன்று நான் 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஏன் இல்லை என்று விளக்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.