அலறிய ஹாரன், அடங்கிய ஹாரன்

இங்கே அமெரிக்காவில் என் ரூம்மேட் ஆசை ஆசையாய் வாங்கிய 1990 மாடல் மஸ்டா மியாட்டா, போன வாரம் ராத்திரி 2 மணிக்குத் தானாகவே அலற ஆரம்பித்தது. அபார்ட்மென்ட் முழுக்க விளக்கு எரிந்தது. பயல் ஸ்க்ரூடிரைவரோடு ஸ்டியரிங்கை நோண்டப் போனான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், உள்ளே ஏர்பேக் இருக்கிறது!

விஷயம் எளிது. பட்டனை அழுத்தினால் ரிலே வேலை செய்து ஹாரனுக்குக் கரன்ட் விடும. பழைய காரில் பட்டனோ ரிலேயோ ஒட்டிக்கொண்டால் சத்தம் நிற்காது. ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கினால் அடங்கும். இருட்டில் எது ஃபியூஸ் என்று தெரியாவிட்டால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மியாட்டாவில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. நாங்கள் பானட்டைத் திறந்து வைத்துத் தேடியது தனிக்கதை :-)

இப்போது சண்டை வேறு. "அமைதியா இருக்குடா, அப்படியே விட்டுடலாம்" என்கிறான். கூடாது என்பது என் கட்சி. இவ்வளவு தாழ்வான கார், ரிவர்ஸில் வரும் ட்ரக்காரர் கண்ணில் படவே படாது. அப்போது நம்மிடம் இருப்பது ஹாரன் மட்டும்தான். தவிர, சில கார்களில் பிரேக் லைட்டுக்கும் அதே ஃபியூஸ்தான்! அலறினால் அடக்குங்கள், ஆனால் சரிசெய்யாமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள். நீங்க என்ன சொல்றீங்க?