தோல் முட்டையும் கறுப்புக் கயிறும்



முட்டைப் பண்ணைக் கூண்டுகளில் சுமார் ஒன்றரை வயது வரை முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளைக் கழிவுக் கோழி என்று பேர் வைத்துக் கறிக்கடைக்குத் தள்ளிவிடுவது வழக்கம். நாமக்கல் பக்கம் அப்படித் தள்ளப்பட்ட நாலு கோழிகளை நமது நண்பர் ஒருவர் விலைக்கு வாங்கிவந்து தன் கொல்லையில் விட்டார். மூன்றாம் வாரம் ஒரு கோழி ஓடே இல்லாமல் வெறுந்தோலோடு முட்டையிட்டது. இன்னொன்றின் முட்டை கையில் எடுத்தவுடன் நொறுங்கிற்று. வீட்டார் செய்ததென்ன? கண்ணேறு பட்டது என்று ஒரு மந்திரக்காரனை அழைத்து, கூடு வாசலில் கறுப்புக் கயிறு கட்டி, தட்சணை 500 ரூபாயும் கொடுத்தனுப்பினார்கள். மறுநாளும் தோல் முட்டைதான். கயிற்றுக்குத்தான் வெட்கமில்லை என்றால் கட்டினவனுக்குமா இல்லை?

இந்தப் பைத்தியம் நம்மவர்களுக்கு மாத்திரம் சொந்தமென்று நினைத்துவிட வேண்டாம். சுவிட்சர்லாந்திலுள்ள பாசல் நகரத்தில் 1474-ஆம் வருஷம் ஒரு சேவல் முட்டையிட்டது என்று அதன்பேரில் விசாரணை நடத்தி, குற்றவாளியென்று தீர்மானித்து, கொளுத்தினார்கள். கோழியின் வயிற்றுக்குள் நடப்பது இன்னதென்று தெரியாத இடத்தில் எல்லாம் பூசாரிக்கு வேலை கிடைத்துவிடுகிறது.

அப்படி உள்ளே நடப்பதுதான் என்ன? ஓர் ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. காட்டுக்கோழி வருஷத்திற்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். மனிதன் பொறுக்கியெடுத்து வளர்த்த பண்ணைக் கோழியோ 300-க்கு மேல் இடுகிறது. அதாவது தன் எலும்புக்கூடு முழுவதிலும் உள்ள சுண்ணாம்பைப்போல் இருபது மடங்குக்கு மேல் ஒரே வருஷத்தில் வெளியே கொட்டுகிறது! ஓடு கட்டப் பெரும்பாலும் இராத்திரி நேரமே ஆகிறது. அப்பொழுது இரைப்பை காலியாயிருந்தால் எலும்பிலிருந்து எடுத்துத்தான் ஓடு கட்டவேண்டும். நாளடைவில் எலும்பு பொத்தலாகி, மார்பெலும்பு முறிந்து, நிற்க மாட்டாமல் உட்கார்ந்துவிடும். வயதாக ஆக முட்டை பெருக்கும்; சுண்ணாம்போ அதே அளவுதான். ஆகவே ஓடு மெலிகிறது. இதில் கண்ணேறு எங்கே நுழைந்தது என்று கேட்கிறோம்.

இது நிற்க, கத்தியிலிருந்து ஒரு ஜீவனைக் காப்பாற்றிவிட்டேன், எனக்குப் புண்ணியம் என்று பெருமையடித்துக்கொண்டு, சோற்றையும் நொய்யையும் இறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கனவான்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அரிசியில் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு ஏது? முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிராம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனம் கொடுங்கள். தனிச்சட்டியில் கிளிஞ்சலை நொறுக்கிப் போட்டு வையுங்கள். மாவாக இடிக்க வேண்டாம். மாவு சீக்கிரம் கழிந்துபோகும். துண்டு, இரையை அரைக்கும் பையில் தங்கி, இராத்திரி முழுவதும் கொஞ்சங் கொஞ்சமாகக் கரையும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றும் புத்திசாலிகளும் உண்டு. அது வாயை வேகவைத்துவிடும். முட்டையோட்டையே திரும்பக் கொடுப்பதானால் வறுத்துப் பொடித்துக் கொடுக்கவேண்டும். முட்டையின் உருத் தெரிந்தால் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும்.

சுண்ணாம்பு உடலில் சேர வெயில் வேண்டும். ஆனால் சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாலும் ஓடு மெலியும். ஆதலால் நிழலும் தண்ணீரும் கூடவே வேண்டும். புது இடத்துக்கு வந்த முதல் சில நாளில் ஒன்றிரண்டு தோல் முட்டை விழுந்தால் பயமில்லை. மூச்சுக்குழல் நோய் வந்து முட்டைக்குழல் கெட்ட கோழி ஆயுள் முழுதும் சுருக்கம் விழுந்த ஓடே இடக்கூடும். அதற்குக் கிளிஞ்சலும் பயன்படாது, கயிறும் பயன்படாது. கோழி இறகைச் சிலிர்த்து, வாலைத் தொங்கவிட்டு முக்கிக்கொண்டிருந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அப்பொழுது ஒரு மணி நேரமும் தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். முட்டையிடுவதையே சில மாதம் நிறுத்தி வைக்கும் ஊசி மருந்தும் இன்று உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய வெறுங்கம்பிக் கூண்டை 2012 ஜனவரி முதல் சட்டப்படி ஒழித்துவிட்டார்கள். நம் நாட்டில் பெரும்பாலான முட்டை இன்னமும் கூண்டிலிருந்துதான் வருகிறது. கூண்டைக் கண்டு வாய் திறவாதவர்கள் கூண்டிலிருந்து வந்த கோழிக்குத் திருஷ்டி கழிப்பதில் என்ன யோக்கியதை இருக்கிறது?

நண்பர் இப்பொழுது கயிற்றை அறுத்துவிட்டு அந்த இடத்தில் கிளிஞ்சல் சட்டி வைத்திருக்கிறார். இரண்டு கோழியின் ஓடு தேறிவிட்டது. மூன்றாவதன் ஓடு சுமார். நான்காவது இன்னும் தோல் முட்டைதான் இடுகிறது. அதை வருகிற திங்கட்கிழமை மருத்துவரிடம் கொண்டுபோகிறார்.