பச்சைக்கிளியின் பிரெஞ்சு

மார்ச் 20, பிரெஞ்சு பேசுகிறவர்களின் உலக நாள். 1970இல் நைஜரின் தலைநகர் நியாமேயில் போட்ட ஒப்பந்தத்தின் நினைவு. ஆப்பிரிக்காவை நம்பித்தான் இன்று அந்த மொழியே இருக்கிறது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன். அதற்குள் நண்பர் ஒருவர் ‘அன்றாட பிரெஞ்சு’ என்றொரு பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பிக் காலையைக் கெடுத்தார்.

முதல் வரி ‘ஜ ந ஸே பா’. எனக்குத் தெரியாது என்று பொருள். இலக்கணத்தில் குற்றமே இல்லை. ஆனால் பாரிஸ் ரொட்டிக்கடையில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? ‘ஷே பா’, தீர்ந்தது வேலை. அந்த ‘ந’ பேச்சிலிருந்து உதிர்ந்து எத்தனையோ காலமாயிற்று. ‘போகிறோம்’ என்பதற்குப் பாடப்புத்தகம் ‘நூஸ் அலோன்’ என்று சொல்லும். வீட்டில் எல்லோரும் ‘ஓன் வா’தான். பட்டியலை மனப்பாடம் செய்து போகிறவர், காய்கறிச் சந்தையில் ‘யாம் அறிகிலேம்’ என்று நிற்க வேண்டியதுதான். கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘போன்ஜூர்’ சொல்லாவிட்டால் முகம் கொடுக்கமாட்டார்கள். அதைப் பட்டியல் சொன்னதா? இல்லை.

இந்த எரிச்சலில் எனக்கு முன்னோடி பிரெஞ்சு எழுத்தாளர் ரெமோன் கெனோ. 1932இல் கிரேக்கம் போனார் மனிதர். எழுத்துக்கு ஒரு மொழி, பேச்சுக்கு ஒரு மொழி என்று அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. நம் பிரெஞ்சின் கதையும் இதுதானே என்று அவருக்கு உறைத்தது. இரட்டை வழக்கிலேயே பிறந்து வளரும் தமிழனுக்கு இதில் என்ன அதிசயம்? பிரெஞ்சுக்காரருக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. தேக்கார்த்தின் தத்துவத்தையே பேச்சு மொழியில் பெயர்க்க முனைந்ததாகவும், அது 1933இல் நாவலாக வந்து முடிந்ததாகவும் சொல்லிக்கொண்டார். எழுத்தும் பேச்சு மொழியிலேயே இருக்க வேண்டும் என்ற தன் வாதத்தைப் பின்னாளில் அவரே தளர்த்திக்கொண்டார். நான் தளர்த்தவில்லை.

1959இல் வந்த ‘ஸாஸி தான் ல மெத்ரோ’ என்ற நாவல்தான் அவருடைய உச்சம். முதல் சொல்லே ஒரு முழு வாக்கியம். காதில் விழுந்தபடி இடைவெளியில்லாமல் ஒட்டி எழுதியிருப்பார். கண்ணால் படித்தால் விழிப்போம், வாய்விட்டுப் படித்தால் பளிச்சென்று புரியும். மெத்ரோ ரயிலில் ஏறும் ஆசையோடு ஸாஸி என்ற சிறுமி பாரிஸ் வருகிறாள். வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. கதை அவ்வளவுதான். ஆனால் அவள் வாய் இருக்கிறதே, பள்ளி ஆசிரியர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மறு ஆண்டே இயக்குநர் லூயி மால் அதைப் படமாக்கினார். படம் ஜோராகத்தான் இருக்கிறது, இருந்தாலும் புத்தகத்தின் காது அதற்கு வாய்க்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் லவெர்தூர் என்றொரு கிளி உண்டு. அடுத்தவர் பேச்சை நக்கலடிக்க அதனிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. யார் எதைப் பேசினாலும் அநேகமாக அதையே எடுத்துவிடும். பெரும்பாலும் பொருந்தியும் தொலைக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே கிட்டத்தட்ட நாவல் முழுக்க ஓட்டிவிடுகிறது, அதுவும் சுத்தமான பேச்சு பிரெஞ்சில்.