நாம் எழுதாத கன்னியர் வாழ்க்கை

துறவு பூண்ட ஒரு பெண்ணைக் காப்பியத் தலைவியாக வைத்துக் கொண்டாடிய மொழி தமிழ். மணிமேகலை கையில் அமுதசுரபி ஏந்திப் பசித்தவரைத் தேடிப் போனாள். சிலம்பில் கவுந்தியடிகள் இல்லையென்றால் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போன வழி நமக்கு வேறு விதமாகத்தான் இருந்திருக்கும். காரைக்கால் அம்மையார் இல்லறத்தை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். இத்தனை வளமான மரபு கொண்ட நாம், இருநூறு ஆண்டுகளாக நம் தெருக்களில் நடமாடிக்கொண்டிருக்கும் கிறித்தவக் கன்னியரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறோம்? கையில் பிரம்பு வைத்திருக்கும் தலைமையாசிரியை, மருத்துவமனைக் காட்சியில் வெள்ளுடையில் வந்து போகும் ஒருத்தி. நம் கதைகளும் திரைப்படங்களும் பெரும்பாலும் அவ்வளவோடு நின்றுவிடுகின்றன.

புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் எழுவதுண்டு. ரோமன் ரோலன் வீதியில் குளூனி சபைக் கன்னியரின் பூத்தையல் கூடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய மாளிகை. உள்ளே பெண்கள் வரிசையாக அமர்ந்து மேசை விரிப்புகளிலும் கைக்குட்டைகளிலும் பூ வேலை செய்துகொண்டிருப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் வரலாறு எவர் கண்ணிலும் படுவதில்லை.

குளூனி சூசையப்பர் சபையை நிறுவியவர் ஆன் மரி ஜவுஹே (1779-1851). பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1807இல் சபை உருவாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது ஆப்பிரிக்காவுக்கும் இந்துமாக்கடல் தீவுகளுக்கும் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவுக்கும் பரவியது. கயானாவின் மானா குடியேற்றத்தில், அடிமைக் கப்பல்களிலிருந்து கைப்பற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களை விடுதலைக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பை அரசு அவரிடம் ஒப்படைத்தது. 1838 மே மாதத்தில் அவர்களுள் 185 பேர் ஒரே நாளில் விடுதலை பெற்றனர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது அதற்குப் பத்தாண்டு கழித்து, 1848இல்தான். சபையின் மீது தனக்கே முழு அதிகாரம் வேண்டும் என்று கோரிய ஓர் ஆயருடன் அவர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அந்தப் பூசலின் விளைவாகக் கயானாவில் சுமார் இரண்டு ஆண்டுகள் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. நம்பிக்கை கொண்ட ஒரு துறவிக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. அவர் பணியவில்லை. 1950இல் அதே திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது.

ஜவுஹே இந்தியாவுக்கு வந்ததில்லை. அவருடைய சகோதரியர் 1827இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தனர். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் பாய்க்கப்பலில் வர வேண்டும். புதுவையில் அப்போது கப்பல் அணையும் பாலமும் கிடையாது. கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சலங்குப் படகில் இறங்கி, அலையோடு போராடித்தான் கரையேற வேண்டும். அப்படிக் கரையேறிய பெண்கள் யாரும் மீண்டும் ஊர் திரும்புவோம் என்ற எண்ணத்தோடு புறப்பட்டு வந்திருக்க மாட்டார்கள். தொடக்கத்தில் அவர்கள் பணி ஐரோப்பியச் சிறுமியரையும் கலப்பினக் குடும்பத்துச் சிறுமியரையும் சார்ந்தே இருந்தது. தமிழ்ப் பெண்களின் கதை அங்கிருந்து தொடங்கவில்லை.

அது தொடங்கிய ஆண்டு 1844. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆயர் பொன்னான் புதுவையில் கூட்டிய குருக்கள் மாமன்றம், உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது பற்றியும் கல்வி பற்றியும் ஆராய்ந்தது. அக்டோபரில் லூயி சவினியேன் துப்புயி அடிகள் (1806-1874) உள்ளூர்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையை நிறுவினார். மரியாயின் மாசற்ற இருதய சபை என்ற பெயரில் இன்றும் இயங்கும் அச்சபையின் முதல் நோக்கம் தமிழ்ப் பெண் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தல்.

துப்புயியை இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்கலாம். ஜென்மராக்கினி மாதா கோயில் அச்சுக்கூடம் அவர் முயற்சியால் வளர்ந்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணி முதன்முதலில் அச்சேறியது அங்கேதான், 1851-53இல், மூன்று பாகங்களாக. மூசே என்ற பாதிரியாருடன் சேர்ந்து அவர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. நூலகங்களில் அவர் பெயர் இருக்கிறது. பதிப்பு வரலாறு எழுதுபவர்கள் அவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஆனால் அவர் சபையில் முதன்முதலாகச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள்? அவர்களிடம் அ, ஆ எழுதப் பழகிய சிறுமிகள்? நம் இலக்கிய வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

பெண் கல்வி அங்குதான் முதலில் தொடங்கியது என்று நான் சொல்லவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707இலேயே பெண்களுக்குப் பள்ளி வைத்தார். புதுவையில் நடந்தது வேறு வகையானது. மகளை ஆண் வாத்தியாரிடம் அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. படிப்பிக்கப் பெண் வேண்டும். அந்தப் பெண் படித்தவளாக இருக்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியே வந்து நாள் முழுதும் பணி செய்யக்கூடியவளாகவும் இருக்க வேண்டும். மணமான பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் அன்றைய சமூகம் அந்த வாசலைத் திறக்கவில்லை. துறவு என்ற ஒன்றுதான் அதைத் திறந்தது. 'தமிழாசிரியை' என்ற மனித வகை நம் சமூகத்தில் உருவான வழிகளில் கன்னியர் மடமும் ஒன்று.

இதை இலக்கியத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெண்மதி மாலை எழுதினார். 1879இல் வெளியான பிரதாப முதலியார் சரித்திரத்தில் கல்வியும் மதியூகமும் மிக்க ஞானாம்பாளைப் படைத்தார். அவளைப் போன்றவர்கள் அந்நாவலைப் படிக்க வேண்டுமானால் அவர்களுக்கு முதலில் எழுத்து தெரிந்திருக்க வேண்டுமல்லவா? 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில்கூட, எழுதப் படிக்கத் தெரிந்த இந்தியப் பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை எட்டவில்லை. எழுத்தாளனையும் பதிப்பாளனையும் எண்ணுகிற நாம், வாசகியை உருவாக்கியவளை எண்ணுவதில்லை.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். மதம் பரப்ப வந்தவர்கள்தானே என்பது ஒன்று. ஆம், தம் நம்பிக்கையை அவர்கள் மறைக்கவில்லை. மணிமேகலையும் பௌத்தம் பேசத்தான் செய்தாள். அதற்காக நாம் அமுதசுரபியைத் தூக்கி எறிந்துவிடவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது: சாதி. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 1745இல் புதுவை மாதா கோயிலுக்குள்ளேயே பறையரைப் பிரித்து வைத்திருந்த சுவரைப் பற்றியும் அதையொட்டி எழுந்த தகராறைப் பற்றியும் பேசுகிறது. நூற்றாண்டுகள் கழிந்தும் அச்சுவர் வேறு வடிவங்களில் நின்றது என்பதற்கு பாமாவின் 'கருக்கு' (1992) சாட்சி. ஏழைக் குழந்தைகளுக்கு உழைக்கும் கனவோடு மடத்தில் சேர்ந்த ஒரு தலித் பெண், ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறி எழுதிய நூல் அது. ஒரு கன்னியின் அகவாழ்க்கையை உள்ளிருந்து சொன்ன அந்த நூல், மடத்தை விட்டு வந்தவரின் கையால்தான் எழுதப்பட வேண்டியிருந்தது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். தங்கியவர்கள் ஏன் எழுதவில்லை? கீழ்ப்படிதல் என்ற வாக்குறுதி அவர்கள் பேனாவையும் கட்டியதா? கேட்க ஆளில்லாததால் சொல்லாமல் போனார்களா?

என் அத்தை ஒருவர் புதுவையில் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தவர். எண்பது வயதிலும் அவர் கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது. "யார் கற்றுக்கொடுத்தது அத்தை?" என்று ஒருமுறை கேட்டேன். "மதர்தான்" என்றார். "அவங்க பேரு என்ன?" அத்தை நெடுநேரம் யோசித்தார். ஏதோ ஒரு பிரெஞ்சுப் புனிதையின் பெயரைச் சொன்னார். "அது மடத்துப் பேரு. சொந்தப் பேரு தெரியாதுடா. நாங்க கேட்டதே இல்லை." உலகைத் துறக்கும்போது பெற்றோர் இட்ட பெயரையும் துறப்பது அந்தக் காலத்து வழக்கம். 1960களின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பல சபைகளில் அது தளர்ந்தது. ஆக, அந்தப் பெண்கள் இரண்டு முறை பெயரிழந்தார்கள்: முதலில் தாங்களாகவே விரும்பித் துறந்தார்கள், பிறகு நாம் மறந்தோம்.

இரங்கல் கட்டுரைகளில் வரும் 'தியாகச் சுடர்' வகை அடைமொழிகள் இந்தக் குறையைப் போக்காது. புனிதப்படுத்துவதும் ஒருவகையில் மறப்பதுதான். பதினெட்டு வயதில் கிராமத்தை விட்டுவந்த ஒருத்தி, தாயின் சாவுக்குப் போக அனுமதி கிடைத்ததா, வகுப்பில் எந்தப் பாட்டை விரும்பி நடத்தினாள், யாரோடு சண்டையிட்டாள், எப்போதாவது வருந்தினாளா என்பதெல்லாம் தெரிந்தால்தான் அவள் நமக்கு மனுஷியாவாள்.

புதுவையின் மடங்களில் முதிய சகோதரியர் இன்னும் இருக்கிறார்கள். ஐம்பது, அறுபது ஆண்டுகள் கரும்பலகைக்கும் நோயாளிக் கட்டிலுக்கும் அருகில் நின்றவர்கள். ஒலிப்பதிவு செய்ய இப்போது கைபேசி போதும். மொழியார்வம் உள்ள இளைஞர் யாரேனும் ஒரு பிற்பகலில் போய் அமர்ந்து, முதல் கேள்வியாக அவர்களுடைய சொந்தப் பெயரைக் கேட்கலாம்.

என் அத்தை கேட்காமல் விட்ட கேள்வி அது.