விற்ற பின் பறிப்பது என்ன நியாயம்?

2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைன் கேமுக்குள் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை ராக்ஸ்டார் நிறுவனம் புகுத்தியது. முந்தின நாள் வரை லினக்ஸ் கணினிகளிலும், லினக்ஸில் இயங்கும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கிலும் ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் அத்தோடு நின்றுபோனது. கேட்டவர்களுக்கு ராக்ஸ்டார் சொன்ன பதில், ஜிடிஏ ஆன்லைனுக்கான பேட்டில்ஐயை ஸ்டீம் டெக் ஆதரிப்பதில்லை என்பது.

இந்தப் பதில் வாங்கியவர்களைத் திசைதிருப்புகிறது; வன்மையாகக் கண்டிக்கிறோம். ஸ்டீம் டெக்கில் இயங்க பேட்டில்ஐ 2021-லேயே தயாராகிவிட்டது. கேம் நிறுவனம் பேட்டில்ஐயிடம் கேட்டுக்கொண்டால் போதும், வேறு வேலையில்லை என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் பகிரங்கமாகவே அறிவித்தது. தான் திறந்துவிடாத வழியை ராக்ஸ்டார் கருவியின் குறையாகக் காட்டியிருக்கிறது.

கேம் ஆட விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வரலாமா என்று கேட்போருக்குத் தடையாக நிற்பது இப்போது பெரும்பாலும் இத்தகைய ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்தான். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட 1993-ல் தொடங்கிய ஒயின் திட்டத்தின் மேல் வால்வ் எழுப்பி 2018-ல் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள், விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை ஓடும்போதே லினக்ஸுக்குப் புரியும் வல்கன் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. விண்டோஸுக்கென்று எழுதிய ஆயிரக்கணக்கான கேம்கள் அதனால்தான் லினக்ஸில் ஓடுகின்றன. ஈஸி ஆன்டி-சீட் என்ற இன்னொரு ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைப் பூட்டிய எல்டன் ரிங்கும் அவற்றில் ஒன்று. அந்த ஈஸி ஆன்டி-சீட்டின் உரிமையாளர் எபிக் நிறுவனம். லினக்ஸில் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று 2021-ல் மற்றவர்களுக்கு வழிவிட்ட எபிக், தன் சொந்தக் கேமான ஃபோர்ட்நைட்டை மட்டும் இன்றுவரை விடவில்லை. ஊருக்கு மட்டும் உபதேசமா?

ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கேமின் கதை இன்னும் மோசம். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக லினக்ஸில் ஆட அனுமதித்த அதன் வெளியீட்டு நிறுவனமான இஏ, 2024 அக்டோபர் 31 அன்று அத்தனை பேரையும் ஒரே அறிவிப்பில் வெளியேற்றியது. லினக்ஸ் வழியாக ஏமாற்றுக்காரர்கள் நுழைகிறார்கள், கண்டுபிடிப்பது கடினம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னலையே பயனர் மாற்றி எழுதக்கூடிய இடத்தில் காவல் வைப்பது எளிதல்ல. நேர்மையாக ஆடித் தோற்பவரின் ஆத்திரமும் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் கெர்னல் வரை காவல் நுழைந்த விண்டோஸில் மட்டும் ஏமாற்று ஒழிந்துவிட்டதா? ஒழியவில்லை. ஏமாற்றியவரைப் பிடிப்பதை விட்டு, ஏமாற்றாத அனைவரையும் தண்டிக்க இவர்களுக்கு யார் அதிகாரம் தந்தது? அந்தக் கேமில் காசு கொடுத்து வாங்கிய கதாபாத்திர உடைகளை வெளியேற்றப்பட்டவர்கள் இனி எங்கே அணிவார்கள்?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளை வைத்திருப்போர் பலர் லினக்ஸை நாடும் காலம் இது. அவர்களும் இந்தக் கதவுகளில்தான் முட்டிக்கொள்ளப் போகிறார்கள்.

ராக்ஸ்டார் தன் விளக்கத்தைத் திரும்பப் பெற்று, பேட்டில்ஐ அனுமதியை உடனே இயக்க வேண்டும். எபிக், தான் பிறருக்குத் தந்த வழியைத் தன் கேமுக்கும் தர வேண்டும். இஏ ஏபெக்ஸ் லெஜண்ட்ஸை லினக்ஸில் மீண்டும் திறக்க வேண்டும். திறக்க மாட்டோம் என்றால், லினக்ஸில் ஆடியவர்கள் அந்தக் கேமுக்குள் செலவழித்த பணத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும்.