எத்தனை எக்ஸ் என்று கேட்காதீர்கள்

எழுபத்திரண்டு வயதுக்காரனிடம் "ஃபியூச்சரை நினைச்சுப் பாருங்க சார்" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். சென்னையில் ஒரு கேமராக் கடைப் பையனுக்கு அது இருந்தது. கடையின் பெயர் வேண்டாம். பையன்மேல் மட்டும் குற்றமில்லை, தலையாட்டியவன் நான்தான்.

என்னிடம் இருந்தது நிக்கான் டி5300. கிராப் சென்சார் கேமரா. அதோடு வந்த 18-55 லென்ஸை "இந்தப் பிளாஸ்டிக்கை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்ணுவீங்க" என்று எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொண்டு, ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கென்று செய்த 24-120 லென்ஸை மாட்டிக் கொடுத்தான். நாளைக்கு நான் ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினால் இதே லென்ஸ் உதவுமாம். நாளைக்கு! வருஷாவருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுத்து பென்ஷன் வாங்குகிறவனிடம்!

அந்த லென்ஸோடு ஒரகடத்தில் மகன் வீட்டுக்கு வந்தேன். அடுத்த மாதமே பேத்திக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் காதுகுத்து. வீட்டுக்கு வந்து சாப்பாடு முடிந்ததும், எல்லோரும் ஹாலில் நில்லுங்கள், ஒரு படம் எடுக்கிறேன் என்றேன். ஹால் பத்துக்குப் பதினான்கு. ஒரு பக்கம் சோபா, ஒரு பக்கம் பீரோ. சுவரோடு அவர்கள் நின்றது போக எனக்கு எட்டடி மிஞ்சியது. பின்னால் போனேன், பிரிட்ஜ் முதுகில் இடித்தது. இரண்டு பக்கமும் ஆள் வெட்டுப்பட்டது. "நெருங்கி நில்லுங்க, இன்னும் கொஞ்சம்" என்று கத்தினேன். என் மனைவி ஓரத்தில் நின்றிருந்தாள். "என்னை விடுங்க, பிள்ளைங்களை எடுங்க" என்று சமையலறைப் பக்கம் ஒதுங்கிவிட்டாள்.

செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். ஏழெட்டு செல்போன் இருந்தது. அப்பா பெரிய கேமராவில் எடுக்கிறார் என்று எல்லோரும் பையில் போட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவள் போய்விட்டாள். குடும்பம் முழுக்க இருக்கிற அந்தப் படத்தில் அவள் இல்லை. படம் என்னவோ நல்ல படம். லென்ஸ்மேல் குற்றமே கிடையாது. அது இருக்க வேண்டிய கேமரா வேறு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954-ல் கொடி மாறினாலும் எங்கள் வகுப்பில் பாஷை மாறவில்லை. பிரெஞ்சில் லென்ஸுக்கு 'ஒப்ஜெக்தீஃப்' என்று பெயர். குறிக்கோளுக்கும் அதே சொல்தான். இன்னொரு சொல் 'ரெக்யூல்'. பின்னால் நகர்வது, நகர இடம் இருப்பது. ரெக்யூல் போதவில்லை என்று பிரெஞ்சுப் படக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் எனக்கு அகப்படவில்லை. பின்னால் போக இடமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஃபிளாட்டுகளில், சந்நிதித் தெருக்களில், கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரி அறையில், எங்கேதான் இருக்கிறது பின்னால் போக இடம்?

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். நிக்கான் கிராப் சென்சாரில் அது 23.5 தான், கேனானில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறையும். லென்ஸ் எதுவானாலும் நடுப்பகுதியை மட்டும்தான் சென்சார் எடுத்துக்கொள்ளும். அதனால் 24 என்று எழுதியிருக்கும் லென்ஸ் நம் கேமராவில் 36 மாதிரி பார்க்கும். எட்டடி தள்ளி நின்றால் 24-ல் ஏழே முக்கால் அடி அகலம் படத்தில் விழும். 18-ல் கிட்டத்தட்ட பத்தரை அடி. வித்தியாசம் இரண்டே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு மனுஷி தாராளமாக நிற்கலாம்.

இப்போது எக்ஸ் கட்சிக்காரர்களிடம் வருகிறேன். "எத்தனை எக்ஸ் சார் உங்க லென்ஸ்?" என்று ஏரிக்கரையில் நடக்கும்போது கேட்பவர்கள் இவர்கள். எக்ஸ் என்பது வெறும் வகுத்தல். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுப்பது. டாம்ரான் 18-400 லென்ஸில் அது 22 வரும். தொழில்முறைக்காரர்கள் ஆசைப்படும் 70-200 லென்ஸில் 3 கூட வராது. லென்ஸ் எங்கே தொடங்குகிறது, வெளிச்சம் எவ்வளவு விடும், எடை எவ்வளவு, எதையும் அந்த எக்ஸ் சொல்லாது. சம்பளக் கமிஷன் அறிக்கையில் சதவீதத்தை மட்டும் படித்துவிட்டு அடிப்படைச் சம்பளத்தைப் பார்க்காதவர்களை நான் ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பிளாக்கில் தொழிற்சாலை டூல்ரூமில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். ஜூம் லென்ஸுக்குள் கண்ணாடிக் கூட்டங்கள் ஒன்றையொன்று அனுசரித்து முன்னும் பின்னும் ஓட வேண்டும், ஓட்டம் நீளநீள எல்லா இடத்திலும் சுத்தமாகப் பொருந்துவது கஷ்டம் என்று விரலை வைத்துக் காட்டினார். அதனால்தான் மிக நீள ஜூம்களில் அகல முனையில் சுவர் வளையும், நீள முனையில் படம் குழையும். வெளிச்சமும் போகும். 400-ல் அந்த லென்ஸ் எஃப் 6.3. எஃப் 2.8 லென்ஸ் அதைவிட ஐந்து மடங்கு வெளிச்சம் விடும். கை நடுக்கத்தை லென்ஸே சமாளிக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நடுங்குவது என் கை, ஓடுவது பேரன். ஓடுகிற பேரனை எந்த லென்ஸும் பிடித்து நிறுத்தாது.

அகலப் பக்கம்தான் செய்வதற்குக் கஷ்டம், இதை யாரும் சொல்வதில்லை. நிக்கான் எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர் தூரம். நடுவில் கண்ணாடி மேலே எழும்ப இடம் வேண்டுமே. 18 மில்லிமீட்டர் லென்ஸ் சாதாரணமாகச் செய்தால் அந்தக் கண்ணாடி இருக்கும் இடத்திலேயே போய் உட்கார வேண்டியிருக்கும். 1950-ல் பியேர் ஆன்ழெனியே என்ற பிரெஞ்சுக்காரர் முன்பக்கம் ஒரு குழிலென்ஸ் கூட்டத்தை வைத்து, லென்ஸைத் தள்ளி நிற்கவைக்கும் முறையை ரெட்ரோஃபோகஸ் என்ற பெயரில் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்குக் கொண்டுவந்தார். லென்ஸுக்கும் ரெக்யூல் வேண்டும் பாருங்கள்! 18-ல் இருந்து 16-க்கு இறங்க விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். (சுற்றுப்புறத்தில் இருக்கும் சேன் கொபேன் கண்ணாடித் தொழிற்சாலையை ஷேர் ஆட்டோக்காரர் 'செயின்ட் கோபைன்' என்கிறார். திருத்தினால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.)

ஜூமே வேண்டாம், 35 மில்லிமீட்டர் ஒற்றை லென்ஸ் போதும், காலால் நடந்து ஜூம் செய் என்பவர்களும் உண்டு. என் முழங்காலை விடுங்கள். பிரிட்ஜுக்குள் எப்படி நடப்பது?

வேடந்தாங்கல் என்ன ஆவது என்று ஒரு ஆட்சேபணை வரும். நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். பறவைதான் உங்கள் வாழ்க்கை என்றால் 400 வாங்குங்கள், அதற்கு மேலும் வாங்குங்கள். என்னைப்போல் வருஷத்துக்கு ஒரு தடவை பேரனைக் கூட்டிப் போகிறவர் பைனாகுலர் எடுத்துப் போகலாம், அல்லது அன்றைக்கு மட்டும் வாடகைக்கு லென்ஸ் எடுக்கலாம். ஒரு நாளுக்காக முன்னூற்று அறுபத்து நாலு நாள் முக்கால் கிலோவைச் சுமக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தால் எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்ற விவரம் இருக்கும். எண்ணுங்கள். லென்ஸின் மிகச் சிறிய எண்ணிலேயே முட்டிக்கொண்டு நிற்கிற படங்கள் எத்தனை? அவையெல்லாம் பின்னால் போக இடமில்லாமல் எடுத்தவை. நான் ஒரு நோட்டில் பத்தி பிரித்து எழுதிப் பார்த்தேன், பதிவேடு எழுதின கை சும்மா இருக்குமா? என் 24-120 படங்களில் பாதிக்கு மேல் சரியாக 24. எண்பதைத் தாண்டியவை விரல்விட்டு எண்ணும் அளவு.

ஆகவே கிராப் கேமராவுக்கென்றே செய்த, 16-லோ 18-லோ தொடங்குகிற லென்ஸ். முடிவது 80 ஆனாலும் 140 ஆனாலும் சரி. நிக்கானில் 16-80, 18-140, கேனானில் 15-85, 18-135, சிக்மாவில் 17-70. இதில் எது என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது. கண்ணாடியில்லாத புது கேமராக்களுக்கு நிக்கான் 18-140, கேனான் 18-150 இரண்டும் முந்நூற்றுச் சொச்சம் கிராம்தான். பழைய நிக்கான் லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்துவிடாதீர்கள். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளும் மோட்டார் இல்லையென்றால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

நான் 18-140 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 490 கிராம். அந்த 24-120 லென்ஸோ 710. காலையில் பால் வாங்கப் போகும்போதுகூடத் தோளில் மாட்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிறு மாடி அறையில் இருக்கும் ஒடிசா பையன்கள் கூப்பிட்டார்கள். ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், ஒரே அறையில் எட்டு பேர். ஊருக்கு அனுப்ப எல்லோரும் சேர்ந்து ஒரு படம் வேண்டுமாம். எனக்குக் கதவோடு ஒட்டி நிற்கத்தான் இடம். கடைசியில் நின்ற பையன், இடம் போதாது என்று நினைத்து, "மை நஹி, அங்கிள்" என்று வெளியே நகரப் பார்த்தான். "உள்ளே வாடா" என்று தமிழிலேயே கத்தினேன். புரிந்தது போல. எட்டு பேரும் விழுந்திருக்கிறார்கள், சுவரில் இருக்கும் ஜகந்நாதர் காலண்டரும் சேர்த்து.

24-120 பீரோவில்தான் இருக்கிறது. பூஞ்சை கிடையாது, கீறல் கிடையாது. ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருக்கிற யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், நியாயமான விலைக்குக் கொடுத்துவிடுகிறேன்.